ஷாக் அடிக்காத கம்ப்யூட்டர்

பயப்படுவதில் என்னை மிஞ்ச எங்கள் குடும்பத்தில் ஆள் கிடையாது. நாய், பல்லி, இடி, லாரி, பள்ளிக்கூடத்து ஆய்வாளர் என்று எல்லாவற்றுக்கும் பயந்து வளர்ந்தவள் நான். ஆனால் இவை அத்தனையையும் ஒன்றாகக் கூட்டினாலும் கரண்டுக்கு நான் பயந்ததில் கால்வாசிகூட வராது.

அதற்குக் காரணம் இருந்தது. திண்டுக்கல்லில் நான் சிறுமியாக இருந்தபோது, மழை விட்ட ஒரு மத்தியானம் என் சித்தி கொல்லைக் கொடியில் ஈரப் புடவையைப் போட்டாள். கொடி என்றால் கயிறு இல்லை, இரும்புக் கம்பி. அதன் மறுமுனை விளக்கு ஒயரில் எங்கேயோ உரசிக்கொண்டு இருந்திருக்கிறது. புடவையை வீசிய கை கம்பியைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டது. ஒரு சத்தம் இல்லை. சித்தி வேடிக்கை காட்டுகிறாள் என்று நினைத்து நான் சிரித்துக்கொண்டு நின்றேன். சித்தி செத்துப்போன பிறகு அப்பா எனக்குச் சொல்லிக் கொடுத்தது ஒன்றுதான். சந்தேகப்பட்ட எந்தச் சாமானையும் உள்ளங்கையால் தொடாதே, புறங்கையால் தொடு. உள்ளங்கை என்றால் மூடிப் பிடித்துக்கொள்ளும், புறங்கை என்றால் உதறித் தள்ளிவிடும்.

இப்படிப்பட்டவள் வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் வாங்க வேண்டி வந்தது.

கணவருக்கு ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் வேலை. குவார்ட்டர்ஸ் கிடைக்காததால் மேனாம்பேட்டில் ஒரு பழைய விவசாயக் குடும்பத்து வீட்டின் பின்கட்டில் வாடகைக்கு இருந்தோம். நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட்டாக இருந்தேன். மகள் பிறந்ததும் வேலையை விட்டேன். அவளுக்கு இரண்டு வயது முடிந்த சமயம், பழைய மேனேஜர் சொல்லி அனுப்பினார். ஆபீசில் டைப் மெஷினை எல்லாம் ஓரம் கட்டிவிட்டார்களாம். வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தால் கடிதங்களையும் விலைப்பட்டியல்களையும் எனக்கே கொடுப்பதாகச் சொன்னார். குழந்தையை விட்டுவிட்டு வெளியே போகாமல் சம்பாதிக்க அதைவிட வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் மையத்தில் மூன்று மாதம் படித்தேன். செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். கம்ப்யூட்டருக்குத் தூசி ஆகாதாம். எல்லோரும் வெறுங்காலைத் தரையில் வைத்து உட்கார்ந்திருப்பார்கள். நான் மட்டும் இரண்டு காலையும் நாற்காலியின் குறுக்குக் கட்டையில் தூக்கி வைத்துக்கொண்டு தட்டுவேன். சொல்லிக் கொடுத்த பெண் அதைப் பார்த்துவிட்டு எனக்கு ஏதாவது வியாதியா என்று பக்கத்தில் இருந்தவளிடம் விசாரித்தாளாம்.

வாங்கப் போன அன்று சென்னை ரிச்சி தெருவில் கடை கடையாக ஏறி இறங்கினோம். தொழிற்சாலை நண்பர்கள் சொல்லிக் கொடுத்ததை எல்லாம் கணவர் மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தார். "ராம் எத்தனை எம்பி? ஹார்ட் டிஸ்க் எவ்ளோ? முன்னூத்து எண்பத்தாறா, நானூத்து எண்பத்தாறா?" என்று அவர் பாட்டுக்குக் கேட்பார். அவர் முடிக்கும்வரை காத்திருந்து நான் ஒன்றே ஒன்று கேட்பேன்.

"ஷாக் அடிக்குமா?"

முதல் கடையில் வாய்விட்டுச் சிரித்தார்கள். இரண்டாவது கடையில் இருந்தவர், "வீட்ல மிக்ஸி இருக்குல்ல மேடம், அது அடிக்குதா?" என்றார். எங்கள் வீட்டு மிக்ஸி ஒரு தடவை அடித்திருந்தது. நான் அதைச் சொன்னதும் அவர் கணவர் பக்கம் திரும்பி, அதற்கப்புறம் என்னைப் பார்க்கவே இல்லை. கணவருக்கு முகம் சுண்டிவிட்டது. தெருவில் இறங்கியதும், "இனிமே நீ வாயத் தெறக்காத" என்றார். நான் திறந்தேன். என் குழந்தை இருக்கிற வீட்டுக்குள் வரப்போகிற சாமான். நான் கேட்காமல் யார் கேட்பார்கள்?

ஐந்தாவதோ ஆறாவதோ கடை, மாடிப்படிக்குக் கீழே ஒரு பொந்து. கடைக்காரர் கண்ணாடி போட்ட நடுவயதுக்காரர். என் கேள்விக்கு அவர் சிரிக்கவில்லை. ஓடிக்கொண்டிருந்த ஒரு கம்ப்யூட்டரின் தகரப் பெட்டியை மாட்டின் முதுகில் தட்டுவதுபோல் பளாரென்று தட்டி, "நீங்களே தொடுங்கம்மா" என்றார். செருப்பைக் கழற்றிவிட்டு, புறங்கையால் தொட்டேன். பெட்டி சும்மா இருந்தது. இன்னொரு இடத்தில் தொட்டேன். அங்கேயும் சும்மா இருந்தது.

"எர்த் ஒழுங்கா இருந்தா அடிக்காது. கசியற கரண்டு பூமிக்குப் போயிடும்" என்றவர் கணவரிடம், "உங்க வீட்ல எர்த் இருக்கா சார்?" என்று கேட்டார்.

"இருக்கே. த்ரீ பின்தான்" என்றார் கணவர்.

சுவரில் மூன்று ஓட்டை இருந்தது, அதனால் அவர் அப்படிச் சொன்னார். நானூற்று எண்பத்தாறு, கறுப்பு வெள்ளைத் திரை, கூடவே கறகறவென்று அச்சடிக்கும் ஒரு பிரிண்டர். அந்தப் பெட்டி என்னை அடிக்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காக அதையே வாங்கினோம். புறங்கையால் தொட்டுப் பார்த்து கம்ப்யூட்டர் வாங்கியவள் அந்தத் தெருவில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

சென்ட்ரலில் இருந்து மின்சார ரயிலில் கொண்டுவந்தோம். திரைப் பெட்டி என் மடியில். ரயில் வில்லிவாக்கத்திலும் கொரட்டூரிலும் உலுக்கி நின்றபோதெல்லாம் அதற்குள் இருக்கும் கண்ணாடி வெடித்து என் முகத்தில் தெறிக்கப் போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன். எதிரில் இருந்த பூக்கூடைக்காரி, "இன்னாம்மா, உள்ள பாம்பா கீது?" என்று கேட்டாள். ரயில் பெட்டியில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள்.

வீட்டில் இணைத்து முடித்து, கணவர் பெட்டியின் பின்பக்கத்தைத் தடவியவர் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். "ஒண்ணுமில்ல, லேசா சுர்ருங்குது" என்றார். லேசாகவா? நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டேன். இதற்கு ஒரு வழி செய்யாமல் அந்த வீட்டுக்குள் வரமாட்டேன் என்று கொல்லையில் நின்றேன். ஜனவரி மாத வெயிலில் ஒரு மணி நேரம் நின்றேன்.

மறுநாள் கடையிலிருந்து ஆள் வந்து சோதனை விளக்கை வைத்துப் பார்த்தார். "மூணாவது ஓட்டை சும்மா ஓட்டைதான் சார். பின்னால ஒயரே கிடையாது. எர்த் போட்டுக்கோங்க, இல்லாட்டி மிஷினுக்கு நாங்க பொறுப்பில்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எங்கள் பக்கத்தில் அப்போது எல்லோரும் எர்த்துக்குச் செய்தது ஒன்றுதான். கொல்லையில் அடிபம்பு இருக்கும். அதன் குழாய் தண்ணீர் மட்டம் வரை பூமிக்குள் இறங்கும். அதைவிட நல்ல எர்த் எங்கே கிடைக்கும்? ஃபிரிட்ஜ் வாங்கியவன், கிரைண்டர் வாங்கியவன் எல்லாம் ஜன்னல் வழியாகப் பச்சை ஒயரை இழுத்துப் பம்பில் சுற்றிவிடுவான். என் கணவர் இரும்போடு பழகினவர், வெறுமனே சுற்றுவாரா? பம்பின் உடம்பை உப்புத்தாளால் தேய்த்துப் பெயிண்டை எடுத்து, கிளாம்ப் போட்டு, போல்ட் முறுக்கி, சுற்றிலும் ஒரு குடம் தண்ணீரை ஊற்றி, தொழிற்சாலையில் ஒரு வேலையை எப்படி முடிப்பாரோ அப்படி முடித்தார்.

வீட்டுக்காரம்மா இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார். ஐம்பது தாண்டியவர். புருஷன் போய்ச் சேர்ந்து, வயலெல்லாம் மனையாகி, இரண்டு மகன்களும் எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"இன்னா தம்பி கட்றே?"

"எர்த்தும்மா. கரண்டு கசிஞ்சா பூமிக்குள்ள போயிடும்."

"கட்டு, கட்டு. நம்ப ஊட்டுக்கும் நல்லதுதானே" என்றார்.

கணவர் என்னைக் கூப்பிட்டுப் பெட்டியைத் தொடச் சொன்னார். தொட்டேன். ஒன்றும் இல்லை. அன்றைக்குத்தான் நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

நிம்மதி என்றால் முழு நிம்மதி இல்லை. காலுக்குக் கீழே ஒரு பலகை. காலில் எந்நேரமும் ரப்பர் செருப்பு. சமையலறையில், கொல்லையில், எங்கே போனாலும் அதைக் கழற்றுவதில்லை. கம்ப்யூட்டர் இருந்த அறைக்கு வெளியே, குழந்தைக்கு எட்டாத உயரத்தில் ஒரு தாழ்ப்பாள். அவள் எதைக் கண்டாலும் முதலில் விரலை விட்டுத்தான் பார்ப்பாள். அந்த விரல் அந்தப் பெட்டியிடம் போகக் கூடாது என்பதே எனக்கு விடிந்ததிலிருந்து அடையும்வரை நினைப்பாக இருந்தது.

காலையில் கணவர் ரயிலுக்குக் கிளம்பியதும் வீட்டுக்காரம்மா வந்து குழந்தையைத் தூக்கிப் போவார். என்னிடம் கேட்டதுகூட இல்லை, அவர் வீட்டுக் குழந்தை மாதிரி அள்ளிக்கொண்டு போவார். நான் அறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டு கம்ப்யூட்டரைப் போடுவேன். கொல்லையில் அவர் பம்பு அடிக்கும் சத்தமும் குழந்தை தண்ணீரில் கூத்தடிக்கும் சத்தமும் கேட்டுக்கொண்டே இருக்கும். குளிப்பாட்டி, சோறு ஊட்டி, தூங்கவைத்துக் கொண்டுவந்து கொடுக்கும்போது நான் கம்ப்யூட்டரை அணைத்திருப்பேன். அதற்கப்புறம்தான் நான் துவைக்கவும் பாத்திரம் தேய்க்கவும் பம்புக்குப் போவேன். மாதக்கணக்கில் இப்படித்தான் நடந்தது. வேலையும் நன்றாக வந்தது.

கோடை வெயில் ஏறிய பிறகு வீட்டுக்காரம்மாவின் போக்கு மாறியது. முதலில் தூக்குவதை நிறுத்தினார். குழந்தை இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஓடினால், "நட்ந்து வா கண்ணு" என்று முன்னால் போவார். பிறகு ஊட்டுவதையும் நிறுத்தினார். ஒரு நாள் வாசல்படியில் நின்றபடியே, "நாளையிலேந்து நீயே குளிப்பாட்டிக்கம்மா" என்றார்.

"ஏம்மா? எதுவும் தப்பா..."

"அதெல்லாம் ஒண்ணியும் இல்ல. முடியல, அவ்ளோதான்."

என் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டார்.

எனக்குப் பொசுக்கென்று ஆகிவிட்டது. கம்ப்யூட்டரிலிருந்து ஏதோ கதிர் வருகிறது, கிட்டே இருந்தால் ஆகாது என்று தெருவில் யாரோ பேசியது காதில் விழுந்திருந்தது. அந்தப் பயத்தில்தான் என் குழந்தையைத் தொட மாட்டேன் என்கிறாரா? இல்லை, நான் நாலு காசு பார்ப்பது பொறுக்கவில்லையா? கணவரிடம் சொல்லிக் குமுறினேன். "வீட்டைக் காலி பண்ணச் சொல்லப் போறாங்க, பாத்துக்கிட்டே இரு" என்று அவர் தன் பங்குக்கு ஒரு பயத்தைச் சேர்த்தார்.

அதன்பின் வேலையை நிறுத்தி நிறுத்திக் குழந்தையைக் கவனிக்க வேண்டியதாயிற்று. ஒரு நாள் காலை, நீளமான விலைப்பட்டியல் ஒன்று அச்சாகிக்கொண்டிருந்தது. பிரிண்டர் பாட்டுக்கு அடிக்கட்டும், அதற்குள் குளிப்பாட்டிவிடலாம் என்று அறையைத் தாழிட்டுவிட்டுக் குழந்தையோடு கொல்லைக்குப் போனேன். அவளைப் பம்பின் வாய்க்குக் கீழே உட்காரவைத்துத் தண்ணீர் அடித்தேன். அவள் எழுந்து, தண்ணீர் வரும் மூக்கைப் பிடிக்கப் போனவள் கையை உதறினாள்.

"எறும்பு."

குனிந்து பார்த்தேன். எறும்பு எதுவும் இல்லை. "எங்கடி எறும்பு, பொய் சொல்றியா?" என்று கன்னத்தைக் கிள்ளிவிட்டு மறுபடி அடித்தேன். அவள் மறுபடியும் மூக்கைத் தொட்டாள். இந்தத் தடவை வீறிட்டு அழுதாள். "கடிக்குது, கடிக்குது" என்று கையைத் தொடையில் தேய்த்தாள்.

பம்பின் உடம்பில் பச்சை ஒயர் கட்டியிருந்த இடத்தைப் பார்த்தேன். அதிலிருந்து என் பார்வை ஒயரோடு போய் ஜன்னலில் நின்றது. உள்ளே பிரிண்டர் கறகறவென்று ஓடிக்கொண்டிருந்தது. கைப்பிடியை விட்டுவிட்டு, குழந்தையை இழுத்துத் துணி துவைக்கும் கல்லின் மேல் ஏற்றினேன். செருப்பைக் கழற்றினேன். ஈரச் சிமெண்டில் வெறுங்காலோடு நின்று புறங்கையைப் பம்பில் வைத்தேன்.

முழங்கை வரை ஏறியது.

குழந்தையை வாரிக்கொண்டு கத்தியபடி உள்ளே ஓடினேன். என்ன கத்தினேன் என்று தெரியாது. மெயின் சுவிட்சை அப்படியே கீழே இழுத்தேன். பிரிண்டர் பாதி வரியில் நின்றது. இத்தனை மாதம் நான் தாழ்ப்பாள் போட்டு, பலகை போட்டு, செருப்புப் போட்டுத் தடுத்து வைத்திருந்த சனியன், ஜன்னல் வழியாக வெளியே போய், தினமும் என் மகள் குளிக்கிற இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. நான் ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு தப்பித்திருக்கிறேன். அவள் ஈரத்தில் வெறுங்காலோடு நின்றிருக்கிறாள். என் சித்தியைப்போல.

என் கூச்சல் கேட்டு வீட்டுக்காரம்மா முன்கட்டிலிருந்து ஓடி வந்தார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கொல்லையில் ஆள் இல்லாததைக் கண்டு, நான் விட்டுவிட்டு வந்த குடத்தை எடுக்கப் பம்பின் பக்கம் போய்க்கொண்டிருந்தார். சுவிட்சை அணைத்தது எனக்கு மறந்தே போய்விட்டது.

"தொடாதீங்கம்மா! பம்பத் தொடாதீங்க!"

நீட்டிய கையோடு அப்படியே நின்றார். நான் குழந்தையோடு வெளியே வந்தேன். "கரண்டும்மா. பம்புல கரண்டு. கம்ப்யூட்டர் கரண்டு ஒயர் வழியா பம்புக்கு வருது."

"பம்புலயா?" என்றார். "பூமிக்குள்ள எப்டிப் போவும், மேலதானே இரும்பு. தண்ணி கீழ பூட்ச்சின்னு போன வருசம் பெரியவன் உள்ள எல்லாம் பிளாஸ்டிக் பைப்பு எறக்கினானே. உங்களுக்குத் தெரியாதா?"

எங்களுக்குத் தெரியாது. நாங்கள் கேட்கவில்லை. கட்டும்போது பக்கத்தில் நின்ற அவருக்கும் சொல்லத் தோன்றவில்லை. இரும்பு மனிதரான என் கணவர் பூமியில் கட்டுவதாக நினைத்துக் கட்டியது, சிமெண்ட் மேடையில் நின்றிருந்த ஒரு இரும்புப் பொம்மையில். மழை ஈரம் இருந்தவரை மேடை ஏதோ கொஞ்சம் பூமியைத் தொட்டுக்கொண்டிருந்தது. வெயிலில் அதுவும் போய்விட்டது. பிறகு வந்து பார்த்த எலெக்ட்ரீஷியன் இதைச் சொன்னார். பெட்டிக்குள் ஒரே ஒரு ஒயர் கழன்று தகரத்தைத் தொட்டிருந்தால் அன்றைக்குப் பம்பைப் பிடித்தவர் விட்டிருக்க மாட்டார் என்றும் சொன்னார். நான் அதற்கப்புறம் எத்தனையோ வருடம் அந்த ஒரே ஒரு ஒயரைக் கனவில் பார்த்தேன்.

ஆனால் அந்தக் காலையில் வீட்டுக்காரம்மா வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தார். தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எப்டிம்மா இருக்கும் அது? அந்த கரண்டு?"

"சுர்ருன்னு ஏறும். முழங்கை வரைக்கும். ஊசி ஊசியா."

"அப்பறம் மரத்துப் பூடுமா?"

"ஆமாம்மா."

அவர் துவைக்கிற கல்லில் பொத்தென்று உட்கார்ந்தார். "எங்க அண்ணனுக்கு இப்டித்தான் ஆரம்பிச்சிது. மொதல்ல கையி சுர்ருன்னுச்சு. அப்பறம் ஒரு பக்கமே இழுத்துகினு பூட்ச்சி. மூணு வருசம் படுக்கையில கெடந்துதாம்மா செத்தாரு. பம்பு அடிக்க சொல்லோ என் கையும் சுர்ருன்னுச்சா, எனக்கும் அதான் வந்துட்ச்சின்னு... பசங்ககிட்டகூட சொல்லல. தனியா ஆஸ்பத்திரிக்கிப் போயி நரம்பு மாத்திர வாங்கித் துன்னுகினு கீறேன். கொயந்தைய தூக்க சொல்லோ கையி இழுத்துகினா இன்னா பண்றது? கீழ போட்ருவேனேன்னுதான் தூக்கல."

நான் எதற்கெடுத்தாலும் ஊரைக் கூட்டிப் பயந்தவள். இவர் இத்தனை நாளும், சாகப் போகிறோம் என்ற பயத்தை யாரிடமும் சொல்லாமல், தினமும் அதே பம்பை அடித்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

"அப்போ எனக்கு ஒண்ணியும் இல்லியா?"

"இல்லம்மா. கரண்டுதான்."

"கரண்டுதானா!" என்றார். கண்ணில் தண்ணீர் கொட்டியது, வாய் சிரித்தது. "அட, கரண்டுதானா! நான் இன்னா இன்னாமோ நெனச்சிகினேன். வெறும் கரண்டுதானா!"

எனக்கு அவர் மேல் கோபமாகக்கூட வந்தது. சாவு பக்கத்தில் வந்து நின்றுவிட்டுப் போயிருக்கிறது, இந்த அம்மா கல்யாணச் சேதி கேட்டவர்போலச் சிரிக்கிறார். அவர் முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, இரண்டு கையையும் நீட்டினார்.

"குடு கொயந்தைய."

குழந்தை அவரிடம் தாவியது. என் கைகள்தான் விடவில்லை. கொடுக்க வேண்டும் என்று நினைத்தும் அவை இறுகிப் போயிருந்தன. அவர் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்து, அவளை வாங்கிக்கொண்டார்.